தொட்டி மீன்களுக்கும் நல்ல அண்டை அயலார் வேண்டும்

நாய், பூனை வளர்க்க இடமோ நேரமோ இல்லாத குடும்பங்கள் பெரும்பாலும் மீன் தொட்டியைத்தான் நாடுகின்றன. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் மலேசியாவின் தரை வீடுகளிலும் வரவேற்பறை ஓரத்தில் ஒரு தொட்டி இருப்பது வெகு சாதாரணம். மீன் குரைக்காது, சோபாவைக் கிழிக்காது, பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காது. பிள்ளைகளுக்கும் ஓர் உயிரைப் பேணும் பழக்கம் வருகிறது.

ஆனால் ஆசையாக வாங்கிய மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதக்க, ஒரே மாதத்தில் தொட்டி காலியாகிவிட்ட வீடுகளும் குறைவல்ல. “நமக்கு மீன் ராசி இல்லை” என்று சொல்லித் தொட்டியைக் கழுவி ஸ்டோர் அறையில் ஏற்றிவிடுகிறார்கள். இதில் ராசிக்கு வேலையே இல்லை. வீட்டு மீன்கள் கூட்டமாக மடிவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, ஒத்துப்போகாத மீன்களை ஒரே தொட்டியில் விடும்போது. மற்றொன்று, மீன்களை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றும்போது. இரண்டையும் முன்கூட்டியே யோசித்தால் பெருமளவு தவிர்க்கலாம்.

நீருக்குள் நடப்பது என்ன?

இந்த இரண்டு சிக்கல்களையும் புரிந்துகொள்ள, முதலில் தொட்டி நீரைப் புரிந்துகொள்ள வேண்டும். மீன் உண்ணும் உணவில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறி, செவுள்கள் வழியாக நீரில் கலக்கிறது. மிஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் ஏராளமான நீர் இருப்பதால் அது கரைந்து போய்விடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது எங்கே போகும்?

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கைகொடுக்கின்றன. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. மற்றொரு வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. வாரந்தோறும் கொஞ்சம் நீர் மாற்றினால் நைட்ரேட்டும் வெளியேறிவிடும்.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. பெரும்பாலானவை வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. ஒரு புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். சனிக்கிழமை தொட்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இருபது மீன்களை விட்டால், அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணற வேண்டியதுதான். “தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தானே இருந்தது?” என்று கேட்பதில் பயனில்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

குழாய் நீரையும் கவனிக்க வேண்டும். குடிநீரிலுள்ள கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின், மீனின் செவுள்களையும் பாதிக்கும். நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். முன்னாளில் வாளியில் நீர் பிடித்து ஓரிரவு வைத்திருந்தால் குளோரின் ஆவியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளோரின் மட்டும் சேர்த்த நீருக்கு அது பொருந்தும். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய் நீரில் இருப்பது குளோராமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இது எளிதில் ஆவியாகாது. ஆகவே, கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கப்படும் திரவத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். குளோராமினையும், அது பிரியும்போது வெளிப்படும் அம்மோனியாவையும் சமாளிக்கக்கூடியதா என்று புட்டியின் மேலட்டையைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

யாருடன் யாரைச் சேர்க்கலாம்?

மீன் கடைக்குச் செல்பவர்கள் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு, அந்த மஞ்சளில் ஒன்று என்று பை நிறைகிறது. கடையில் அவை அருகருகே இருந்தாலும் வெவ்வேறு தொட்டிகளில் இருந்தவை என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு மீனை வாங்குமுன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இரண்டுக்கும் ஒரே நீர் ஒத்துக்கொள்ளுமா? அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரை விரும்புபவை. கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்குத் தாதுப்பு மிகுந்த கடின நீரே நல்லது. வெப்பமும் அப்படியே. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் தேவை. தங்க மீனோ குளிர்ந்த நீரை விரும்பும் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. தங்க மீன் நிறைய உண்டு, நிறையக் கழிவை வெளியேற்றும். அதை டெட்ரா, கப்பி போன்ற வெப்பமண்டல மீன்களுடன் சேர்ப்பது இருதரப்புக்கும் நல்லதல்ல. தங்க மீனுக்குத் தங்க மீனே துணை.

இரண்டாவது கேள்வி: வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிதாகும்? கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். விரல் நீளத்தில் துறுதுறுவென்று ஓடும் சில்வர் ஷார்க், வளர்ந்தால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. சுமத்ரா, போர்னியோ ஆறுகளுக்குரிய குளோன் லோச் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதோடு, நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மீன், அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்திலும் உயிரோடு இருக்கலாம்.

அளவு பற்றி இன்னோர் எளிய விதி உண்டு. ஒரு மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அதற்கு இரைதான். ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும் சிறு வயதில் ஒன்றாக நீந்தும். ஏஞ்சல் மீன் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்த பிறகு, நியான்களின் எண்ணிக்கை காலைக்குக் காலை குறையும். அது ஏஞ்சல் மீனின் கெட்ட குணமல்ல. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்குவது இயற்கை. சேர்த்து வைத்தவர் செய்த பிழைக்கு மீனைக் குறை கூறக்கூடாது.

மூன்றாவது கேள்வி: குணம் எப்படி? ஆண் சண்டை மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மடியும்வரை மோதிக்கொள்ளக்கூடும் என்பது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, நீண்ட வண்ண வால் கொண்ட ஆண் கப்பியையும் சண்டை மீன் தன் இனத்து எதிரி என்று எண்ணித் தாக்கக்கூடும் என்பது. டைகர் பார்ப் மீனுக்கு நீளமான துடுப்புகளைக் கடித்து இழுக்கும் பழக்கம் உண்டு. ஏஞ்சல் மீன், சண்டை மீன், கப்பி ஆகியவற்றுடன் அதைச் சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்றாக வாங்கினால் அதன் தொல்லை அதிகம். எட்டுக்கு மேல் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, மற்ற மீன்களை ஓரளவு விட்டுவிடும்.

கூட்டமாக வாழும் மீனைத் தனியாக வளர்ப்பதும் ஒரு கொடுமையே. நியான் டெட்ரா, ரஸ்போரா, கோரிடோராஸ் கெளுத்தி ஆகியவற்றை ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். தனித்து விடப்பட்டால் அஞ்சி ஒளிந்து, இரை எடுக்காமல் நோய்ப்படும். ‘ஒவ்வொன்றிலும் ஒன்று’ என்று வாங்குவது அழகுக்கு உதவலாம், மீனுக்கு உதவாது.

இதற்கு நேர்மாறானது லுவோ ஹான். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட இந்த மீன், 2000களின் தொடக்கத்தில் இரு நாடுகளிலும் பெரும் மோகத்தைக் கிளப்பியது. நெற்றி மேடும் உடலிலுள்ள கோலமும் அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையில் பலர் பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். இடத்துக்காகக் கடுமையாகச் சண்டையிடும் இம்மீனுக்குத் தனித் தொட்டியே பாதுகாப்பு. இரண்டு லுவோ ஹான்கள் இருந்தால் நடுவே தடுப்புக் கண்ணாடி வேண்டும்.

‘தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்’ என்று விற்கப்படுபவற்றிலும் எச்சரிக்கை தேவை. மலேசியர்கள் ‘இக்கான் பண்டாராயா’, அதாவது மாநகராட்சி மீன், என்று வேடிக்கையாக அழைக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அது பாசியைத் தின்னும் என்பது உண்மை. அதைவிட அதிகமாகத் தானே கழிவை வெளியேற்றும் என்பதும் உண்மை. சீனப் பாசித்தின்னி மீன் வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டு, டிஸ்கஸ், ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் உடலில் ஒட்டி அவற்றின் மேற்பூச்சை உறிஞ்சத் தொடங்கும். சுத்தம் செய்யும் வேலையை மீனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்காரர் ஓய்வெடுக்க முடியாது.

இரண்டடித் தொட்டிக்கு ஓர் எடுத்துக்காட்டு

60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 36 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் 50 லிட்டரைச் சற்றுத் தாண்டிய நீரே இருக்கும். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு இந்த அளவு பொருத்தமானது. சின்னத் தொட்டியே சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் குறையக் குறைய, ஒரு சிறு பிழையும் பெரிதாகும்.

தொட்டி நீரை மேல், நடு, அடி என மூன்று மாடிகளாக எண்ணிக்கொள்ளலாம். எல்லாரையும் ஒரே மாடியில் குடிவைத்தால் நெரிசல், சச்சரவு. நடு மாடிக்கு ஹார்லிகுயின் ரஸ்போரா எட்டு. உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் உடைய இந்த அமைதியான மீன், மலாயாத் தீபகற்பத்தின் காட்டு ஓடைகளுக்கு உரிய நம் மண்ணின் மீன். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது. நம் பருவநிலைக்கு வெப்பமூட்டும் கருவியும் தேவைப்படாது. அடி மாடிக்கு, சிறிய வகைக் கோரிடோராஸ் ஆறு. இவை மீசையால் மண்ணைத் துழாவுவதால், கூரான கற்களுக்குப் பதில் மென்மையான மணல் போட வேண்டும். மேல் மாடிக்கு ஒரேயொரு தேன் கூராமி. மூன்றும் ஒரே வகை நீரில் வாழும், ஒன்றையொன்று விழுங்க முடியாது, சண்டை பிடிப்பதும் அரிது.

இவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. வடிகட்டி பழகிய பிறகு முதலில் ரஸ்போரா. இரண்டு வாரம் கழித்துக் கோரிடோராஸ். இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கூராமி. ஒவ்வொரு முறையும் கூடுதல் கழிவைச் சமாளிக்க நுண்ணுயிர்களுக்கு அவகாசம் கிடைக்கும். கூராமியைக் கடைசியில் விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதலில் வந்த மீன் தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று எண்ணிவிடும்.

புதிய மீன் எதுவாயினும், இடவசதி இருந்தால், 2 முதல் 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது நல்லது. சிறிய தொட்டி ஒன்றும் பஞ்சு வடிகட்டி ஒன்றும் போதும். உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால், அது ஒட்டுண்ணியால் வரும் நோய். ஐந்து வெள்ளி மீன் ஒன்று கொண்டுவரும் இந்த நோய், பல ஆண்டுகளாக வளர்ந்த தொட்டியையே அழித்துவிடக்கூடும்.

வீடு மாறும்போது

புதிய வீவக வீட்டின் சாவி கிடைத்துவிட்டது. பொருள்களைப் பெட்டிகளில் அடுக்கி, லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. மீன் தொட்டி மட்டும் கடைசி நாள்வரை யார் நினைவிலும் இருப்பதில்லை. லாரி வாசலில் நிற்கும்போது, வாளியைத் தேடி ஓடுகிறார்கள். அப்போது நடக்கும் தவறுகளுக்கு மீன்கள் உயிரை விலையாகக் கொடுக்கின்றன.

ஒரு வாரத்துக்கு முன்பே ஏற்பாடு தொடங்க வேண்டும். வழக்கம்போல் கால்பங்கு நீரை மாற்றித் தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கலாம். ஆனால் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவக் கூடாது. மூடியுள்ள வாளிகள், பாலித்தீன் பைகள், ரப்பர் வளையங்கள், பொலிஸ்டைரீன் பெட்டி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஆகியவற்றைச் சேகரித்துவிட வேண்டும். பொலிஸ்டைரீன் பெட்டியை மீன் கடையிலோ ஈரச்சந்தையிலோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சவர்க்காரம் பட்ட வாளி எதுவும் வேண்டாம்.

புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே உணவை நிறுத்த வேண்டும். பெரிய மீன்களுக்கு 48 மணி நேரம். பட்டினி போடுவதா என்று மனம் கேட்காது. ஆனால் நலமான, வளர்ந்த மீன் இரண்டு நாள் உணவின்றி எளிதாக இருக்கும். வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழிவை வெளியேற்றி, அந்தக் கொஞ்ச நீரைத் தானே நஞ்சாக்கிவிடும்.

மற்ற பொருள்களையெல்லாம் ஏற்றிய பிறகு, மீன்களைக் கடைசியாகப் பிடிக்க வேண்டும். புதிய வீட்டில் தொட்டியை முதலாவதாக அமைக்க வேண்டும். மீன் பைக்குள் இருக்கும் நேரம் அவ்வளவுக்குக் குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீர், மூன்றில் இரண்டு பங்கு காற்று. நீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லது என்று பையை நீரால் நிரப்புவது தவறு. மூச்சுக்கு வேண்டிய உயிர்வாயு மேலே உள்ள காற்றிலிருந்துதான் நீருக்குள் கரைகிறது. ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு, மூலைகளில் குஞ்சுகள் சிக்காதபடி கட்ட வேண்டும். கெளுத்தி போன்ற முள்ளுள்ள மீன்கள் பையைக் கிழிக்கும் என்பதால் அவற்றுக்கு மூடியுள்ள வாளியே ஏற்றது. சண்டையிடும் மீன்களுக்குத் தனித்தனிப் பை. பயணம் சில மணி நேரத்தைத் தாண்டும் என்றால், மீன் கடையில் கட்டணம் கொடுத்துப் பைகளில் உயிர்வாயு நிரப்பிக்கொள்ளலாம்.

பைகளைப் பொலிஸ்டைரீன் பெட்டியில் அடுக்கி மூடிவிட்டால் இருட்டில் மீன்கள் அமைதியாகும், வெப்பமும் ஏறாது. நீர் சூடாகச் சூடாக, அதில் தங்கும் உயிர்வாயு குறையும். 20 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வாயு கரையும் என்றால், 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆகவே, நண்பகலில் காரை வெயிலில் நிறுத்தி, மீன்களை உள்ளே விட்டுவிட்டு உணவங்காடிக்குச் சாப்பிடப் போய்விடக் கூடாது.

இனி, பலரும் மறந்துவிடும் முக்கியமான ஒன்று. வடிகட்டியில் உள்ள பஞ்சையும் வளையங்களையும் மீன்களைப் போலவே உயிரோடு கொண்டுசெல்ல வேண்டும். அவற்றைத் தொட்டி நீரோடு ஒரு வாளியில் போட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். மூடிய வடிகட்டிக்குள் அப்படியே விட்டால், நீரோட்டமின்றி உயிர்வாயு தீர்ந்து, சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். “எப்படியும் மாற்றுகிறோமே, நன்றாகக் கழுவிவிடலாம்” என்று அவற்றைக் குழாயடியில் தேய்ப்பவர்கள், புதிய வீட்டில் மீண்டும் அந்த 4 முதல் 6 வாரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பழைய நீரில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துச் செல்வது மீனின் அதிர்ச்சியைக் குறைக்கும். எனினும் உயிர்காப்பது பழைய நீரைவிடப் பழைய பஞ்சுதான்.

தொட்டியை நீரோடு தூக்கவே கூடாது. நான்கடித் தொட்டி ஒன்று 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உடையது என்று கொண்டால், நிரம்பிய நீர் மட்டும் 243 கிலோகிராம் எடை. கால்பங்கு நீரும் மணலும் இருந்தாலே தூக்கும்போது கண்ணாடி வளைந்து ஒட்டு விட்டுவிடும். முழுக்கக் காலி செய்து, மணலையும் எடுத்து, அடியில் பொலிஸ்டைரீன் பலகை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். மணலில் ஊறிய அழுக்கைப் பழைய தொட்டி நீரிலேயே அலசிவிட்டால், புதிய வீட்டில் அது கிளம்பி நீரைக் கெடுக்காது.

அரோவானா போன்ற பெரிய மீன்களைச் சொந்தமாக மாற்ற முயல்வதைவிட, அனுபவமுள்ள மீன் கடைக்காரரின் உதவியைப் பெறுவதே மேல். அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில் ஆசிய அரோவானா முதல் பட்டியலில் உள்ளது. பண்ணையில் வளர்ந்த மீனுக்கு உடலில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் இருக்கும். ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கோ, சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்கோ அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதைக் கொண்டுசெல்ல முடியாது. வேறு மீன்களுக்கும் பாலத்தைக் கடக்குமுன் இருநாட்டு விதிகளைக் கேட்டறிவது நல்லது. சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் முதல் இப்பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது.

புதிய வீட்டில் முதல் வாரம்

தொட்டியை வெயில் படாத, சமதளமான இடத்தில் வைத்து, மணலைப் பரப்பி, பழைய நீரையும் குளோரின் நீக்கிய புதிய நீரையும் ஊற்றி, பழைய பஞ்சுடன் வடிகட்டியை ஓடவிட வேண்டும். பிறகு கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தொட்டி நீரைச் சேர்த்து, அரை மணி நேரத்துக்குள் மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

வெகுதொலைவு பயணம் செய்த மீன்களுக்கு மட்டும் இந்த நிதானம் கெடுதலாகலாம். நீண்ட நேரம் மூடியிருந்த பையில் மீன் வெளிவிட்ட கரியமில வாயு சேர்ந்து நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அமில நீரில் அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அமிலம் குறைந்து, அடங்கிய அம்மோனியா வீரியம் பெறும். ஆகவே, பல மணி நேரப் பயணத்துக்குப் பின் வெப்பத்தைச் சமப்படுத்தியதும் மீனை விரைவில் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

அன்று விளக்கை ஏற்ற வேண்டாம். உணவும் மறுநாள்தான். வீட்டுக்கு வரும் விருந்தினருக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடியைத் தட்டுவதும் வேண்டாம். முதல் வாரம் முழுவதும் தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, எது தென்பட்டாலும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். வழக்கமான உணவில் பாதி போதும். இந்த நேரத்தில் புதிய மீன் வாங்கிச் சேர்ப்பது கண்டிப்பாகக் கூடாது.

புது வீட்டுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. சாயம், வார்னிஷ் ஆகியவற்றின் நெடியைக் காற்றுப் பம்பு இழுத்து நீருக்குள் செலுத்திவிடும். கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்தும், டெங்கியை ஒழிக்கப் புகையடிக்கும் மருந்தும் பல சமயம் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், தொட்டியைத் துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடி, பம்பைச் சற்று நேரம் நிறுத்தி, புகை கலைந்ததும் மறக்காமல் திரும்ப ஓடவிட வேண்டும்.

கால்வாயில் விடுவது கருணை அல்ல

இத்தனைக்கும் பிறகு, சிலருக்கு மீனைத் தொடர்ந்து வளர்க்க முடியாமல் போகலாம். புதிய வீடு சிறியதாக இருக்கும். மீன் பெரிதாகிவிட்டிருக்கும். கொல்ல மனமில்லை; ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றும். அதைப் புண்ணியம் என்று நினைப்பவர்களும் உண்டு.

உண்மை வேறு. தொட்டியில் வேளாவேளைக்கு உணவு கண்ட மீன் பெரும்பாலும் சில நாளில் பட்டினியாலோ பிற மீன்களுக்கு இரையாகியோ மடியும். அப்படி மடியாமல் பிழைத்துக்கொள்பவை இன்னும் பெரிய சேதத்தை உண்டாக்கும். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் தென் அமெரிக்காவின் மயில் பாஸ் மீன்களும் நன்னீர்த் திருக்கைகளும் இனம் பெருக்கி வாழ்கின்றன. மலேசியாவில் கிள்ளான், லங்காட் ஆறுகளில் இக்கான் பண்டாராயா மண்டிக் கிடக்கிறது. தன்னார்வலர்கள் வலைபோட்டு அவற்றை அகற்றி வருகிறார்கள். இவை உள்ளூர் மீன்களின் முட்டைகளையும் இரையையும் இடத்தையும் பறிக்கின்றன. இரண்டடித் தொட்டியில் எட்டு என்று எண்ணி வாங்கிய அந்த ஹார்லிகுயின் ரஸ்போராவின் காட்டு உறவினர்கள் வாழும் ஓடைகளுக்கும் இதே ஆபத்துதான்.

சிங்கப்பூரில் விலங்குகளை இப்படி விடுவிப்பது குற்றம். விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் இதற்கென்றே கண்காணிப்பில் ஈடுபடுகின்றன. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திரும்ப ஏற்பார்களா என்று கேட்கலாம். மீன் வளர்க்கும் நண்பர், உறவினர், பள்ளி ஆகியோருக்குக் கொடுக்கலாம். தொட்டியும் வடிகட்டியும் சேர்த்துக் கொடுத்தால் மறுக்காமல் பெற்றுக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஏதும் இல்லை. சோதனைத் திரவம் ஒரு புட்டி, குளோரின் நீக்கி ஒரு புட்டி, ஒரு பொலிஸ்டைரீன் பெட்டி, கொஞ்சம் பொறுமை. அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது, பிள்ளை ஆசையோடு ஒரு மீனைச் சுட்டிக்காட்டினால், உடனே பையில் போடச் சொல்லாமல், அது எவ்வளவு பெரிதாகும், யாருடன் வாழும், எந்த நீரில் வாழும் என்று கடைக்காரரிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லலாம். பதில் சரியில்லை என்றால் அன்று வெறுங்கையோடு திரும்பி வரலாம். ஓர் உயிரை வாங்காமல் வருவதும் அதைப் பேணுவதில் ஒரு பகுதி என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.